உறையும் பெருங்காயமும்

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தும் வழக்கம் எனக்குக் கிடையாது. அழைத்தவருக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தே அழைத்திருக்கிறார், ஆகவே பழி அவர் தலையில்.

கருவிகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. உங்கள் மேசைமேல் இருப்பவற்றில் பாதிக்கு எனக்குப் பெயரே தெரியாது. நான் சொல்லப்போவது ஒரு சொல்லைப் பற்றியும், என்னிடம் ஒரு காலை கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றியும். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. சொல்வதாக உத்தேசமும் இல்லை.

முதலில் தொழில். வினையூக்கி என்றால் தான் மாறாமல் மற்றதை மாற்றுவது என்று படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு அது போதும், வேலைக்குப் போதாது. வேலைக்கு என் கணக்கு பந்திக் கணக்கு. நிக்கல் தூளின் மேற்பரப்பு கல்யாண வீட்டில் விரித்த பந்திப்பாய். எண்ணெயும் ஹைட்ரஜனும் வந்து அதில் உட்காருகின்றன, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததால் ஒன்று சேருகின்றன, சேர்ந்ததும் எழுந்து போகின்றன. இடம் அடுத்தவருக்கு. எல்லாம் பரப்பில்தான் நடக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. இப்போது கை கழுவப் போகாமல் இலை முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும் ஆட்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள் என்று வையுங்கள். சோறு இருக்கிறது, குழம்பு இருக்கிறது, வாசலில் ஆட்கள் பசியோடு நிற்கிறார்கள், பந்தி மட்டும் நகராது. கந்தகம் அப்படிப்பட்ட விருந்தாளி. ஒரு முறை உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். வில்லியனூர் ஸ்டேஷனைத் தாண்டி, வயலுக்கு நடுவில், மல்லாட்டை எண்ணெயைக் கெட்டிப்படுத்தும் சின்ன ஆலை ஒன்று இருந்தது. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. எண்ணெயைப் பெரிய இரும்புக் கலத்தில் ஏற்றி, நிக்கல் தூளைக் கலந்து, சூடாக்கி, ஹைட்ரஜன் வாயுவை விட்டால் எண்ணெய் ஆறும்போது நெய்போல உறையும். சமையலுக்கும் போகும், சோப்புக்கும் போகும். வில்லியனூரில் மாதா கோயில் தேர், சாமி கோயில் தேர் இரண்டையும் பார்த்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. கன்னியாஸ்திரீகளிடம் படித்து எனக்குப் பிரெஞ்சு வரும். டின்களின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்துச் சொல்லத்தான் முதலில் என்னை எடுத்தார்கள். பிறகு குடுவை கழுவினேன். பிறகு, ஆய்வாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் எனக்குச் சோதனைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். கோபக்காரர், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுவார். யுத்தம் வந்தது, அவரைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். புறப்படும் அன்று வினையூக்கி அறையின் சாவியை என் கையில் வைத்து, "அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற எதுவும் நிக்கலுக்கு எதிரி. வேலை நடக்கவில்லை என்றால் ஏன் என்று முதலில் கேள், சூட்டைக் கடைசியில் ஏற்று" என்று மட்டும் சொன்னார். சம்பளம் குடுவை கழுவுகிறவளின் சம்பளம்தான், பொறுப்பு மட்டும் ஆய்வாளருடையது. இந்த ஏற்பாடு உங்களுக்கும் புதிதாக இருக்காது.

ஆலையில் அந்த நிக்கல் தூளுக்குப் பெயர் உறை. பாலில் விடுகிறோமே, அந்த உறை. பெயர் வைத்தவர் மேஸ்திரி. பக்கத்துக் கிராமமான உறுவையாற்றுக்காரர், ஊரில் நெல்லும் கரும்பும் உள்ள வீடு, கலத்தின் சத்தத்தைக் கேட்டே உள்ளே நடப்பதைச் சொல்லக்கூடியவர். கொஞ்சம் தூள் போட்டால் கலம் நிறைய எண்ணெய் உறைகிறது, அப்புறம் இதற்கு வேறென்ன பெயர் என்றார். பிரெஞ்சுக்காரருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போனது. எனக்கும் பிடித்தது. நல்ல சொல்தான்.

ஆனால் ஒரு சொல் வேலைக்குள் வரும்போது தனியாக வராது, சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு வரும். உறை என்று பெயர் வைத்த சில நாளிலேயே, விளக்கு வைத்த பிறகு உறை எடுக்கக் கூடாது என்று ஆனது. வீட்டில் பொழுது சாய்ந்தபின் உறைமோர் கடன் கொடுக்க மாட்டார்கள் அல்லவா, அது. சாயங்காலத்துக்குப் பிறகு கலத்தில் தூள் போடுவது நின்றது. பிரெஞ்சுக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு விட்டுவிட்டார். அடுத்து, உறை எடுக்கும்போது பேசக் கூடாது. அதற்கும் யாரும் தடை சொல்லவில்லை. அதற்கு அடுத்து வரவேண்டியது என்ன என்று வீட்டில் தயிர் உறைய வைத்துப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அது வருவதற்குக் கொஞ்ச காலம் ஆயிற்று, அவ்வளவுதான்.

யுத்தத்தால் கப்பல் நின்றது. புது நிக்கல் வருவதும் நின்றது. பயன்படுத்திய தூளையே வடிகட்டி, உயிர்ப்பித்து, எண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய டின்களில் அடைத்து வைத்தோம், டின்களைக் கழுவித் தந்தவர் மேஸ்திரி. சீல் உடைக்காத டின் ஒன்றே ஒன்று மிச்சம், துரையின் அறையில் இருந்தது. துரை என்றால் ஆலையின் இயக்குநர். நல்ல மனிதர்தான், ஆனால் கப்பல் நின்ற நாளிலிருந்து ஆலையை மூடிவிடலாமா என்ற யோசனை அவர் முகத்தில் எப்போதும் இருந்தது. மூடினால் அறுவடை இல்லாத நாளில் எங்கள் பக்கத்து வீடுகளில் பாதிக்கு அடுப்பு எரியாது. எங்கள் வீட்டில் அறுவடையே கிடையாது. அப்பா இல்லை, நிலம் இல்லை, நானும் அம்மாவும்தான்.

இந்த நிலையில் சோப்புக்காரர் ஒருவர் பெரிய அளவில் சரக்கு கேட்டார். ஸ்டேஷனில் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. உயிர்ப்பித்த டின் ஒன்றைத் திறந்து, உறையை அளந்து கொடுத்தேன். மூடியைத் திறந்தபோது எனக்குத் திடீரென்று ரசம் சாதம் நினைவுக்கு வந்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, பசி என்று நினைத்துக்கொண்டேன்.

கலம் சூடேறியது, வாயு விட்டாயிற்று. வழக்கமாக எண்ணெய் வேலையைத் தொடங்கினால் தானே சூடு கக்கும், நாம் நீராவியைக் குறைக்க வேண்டியிருக்கும். அன்றைக்குக் கலம் அசையவில்லை. மாதிரி எடுத்துக் குளிர்ந்த தட்டில் விட்டால் எண்ணெயாகவே ஓடியது.

மேஸ்திரி தட்டைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னா தங்கச்சி, இன்னும் தண்ணியாவே கீது?"

"உறை வேலை செய்யல மேஸ்திரிண்ணே."

"அப்போ அடுத்த டின்ன ஒடைச்சி இன்னும் ரெண்டு கரண்டி போடு. சூட்டையும் ஏத்திடறேன். மோரு ஒரு கை கூட ஊத்துனா சுருக்கா ஒறையுது இல்ல?"

"இது மோர் இல்லண்ணே."

இந்த இடத்தில்தான் உங்களில் பலர் ஒரு நாள் நிற்பீர்கள். கலம் நகரவில்லை, வெளியே வண்டி நிற்கிறது, பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம் ஏற்று என்கிறார். ஏன் நின்றது என்று தெரியாத வேலையை மிதமிஞ்சிச் சூடாக்கி, அதில் நல்ல உறையையும் கொட்டினால் என்ன ஆகும்? அதுவரை சும்மா இருந்த அவ்வளவு எண்ணெயும் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும். அது கக்கும் சூட்டை வெளியே எடுக்க உங்களுக்கு வழி இருக்காது. உள்ளே இருப்பது ஹைட்ரஜன். கலத்தைச் சுற்றி நிற்பவர்கள் உங்களோடு காலையில் வந்தவர்கள்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "தரமாட்டேன். வாயுவை மூடுங்க, நீராவியை நிறுத்துங்க" என்றேன்.

துரை வந்தார். இருவர் பேச்சையும் கேட்டார். பிரெஞ்சில் என்னிடம், "வண்டி காலியாகப் போனால் அதற்குப் பொறுப்பு நீங்கள்" என்றார். "ஆமாம், நான்தான். கலம் வெடித்தால் பொறுப்பு ஏற்க நான் இருக்க மாட்டேன், அதனால் இதை இப்போதே ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கலத்தை ஆறவிட்டு எண்ணெயை இறக்கினோம். வண்டி காலியாகத்தான் போனது.

மறுநாள் காலை ஆலை வாசலில் எல்லோரும் வெளியிலேயே நின்றிருந்தார்கள். நான் வந்ததும் பேச்சு அடங்கியது. மேஸ்திரி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். துரை வாசற்படியில் நின்றிருந்தார்.

"தப்பா நெனச்சிக்காத தங்கச்சி," என்றார் மேஸ்திரி. என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தே பேசினார். "ஒற முறிஞ்சி பூட்ச்சி. காரணம் இல்லாம முறியாது. நேத்து நீ அந்த ரூம்புக்குள்ள போவசொல்ல வூட்டுக்குத் தூரமா இருந்தியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லிடு. இல்லன்னா இல்லன்னு சொல்லு, நாங்க உள்ள போறோம்."

தூரம் என்றால் மாதவிலக்கு. உங்களுக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பின்வரிசையில் சில பையன்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள். இங்கே பாருங்கள் தம்பிகளா, இதுவும் உங்கள் தொழில்தான்.

குமாஸ்தா இதைத் துரைக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கத் தடுமாறினார். நானே மொழிபெயர்த்துச் சொன்னேன். துரையின் காது சிவந்துபோனது. அடுத்து அவர் சொன்னது எனக்கு மேஸ்திரியின் கேள்வியைவிட அதிகமாக வலித்தது. "மடத்தனம்தான். ஆனால் ஒரே ஒரு வார்த்தை. இல்லை என்று சொல்லிவிடுங்கள், முடிந்தது. எனக்கு ஆட்கள் உள்ளே போகவேண்டும்."

இல்லை. அவ்வளவு சின்னச் சொல். சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும், வேலை நிலைத்திருக்கும், அம்மாவுக்குச் சோறும் இருந்திருக்கும். மறு மாதம் அதே கேள்வி வந்திருக்கும். அதற்கு அடுத்த மாதமும். எனக்குப் பின்னால் அந்த அறைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் வாசலில் நின்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டியிருந்திருக்கும். ஆமாம் என்றால் ஒருத்திக்குக் கதவு சாத்தப்படும். இல்லை என்றால் எல்லோருக்கும் வாசலில் ஒரு காவல் வைத்துவிட்டுப் போகிறோம். இரண்டில் எது மோசம் என்று எனக்கு அன்றைக்குத் தெளிவாகவே தெரிந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

"அப்போ இருந்தேன்னு அர்த்தமா?"

"அர்த்தம் ஒண்ணும் இல்லண்ணே. கேட்டதே தப்பு. தப்பான கேள்விக்கு நான் பதில் வெச்சிக்கல."

கூட்டத்தில் முணுமுணுப்பு. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரிடம் பிரெஞ்சில், "நாளைக் காலை வரை கொடுங்கள். உறை ஏன் வேலை செய்யவில்லை என்று காட்டுகிறேன். காட்டமுடியாவிட்டால் சாவியை வைத்துவிட்டுப் போகிறேன்" என்றேன். சொல்லும்போது காரணம் என்னவென்று எனக்கே தெரியாது. காரணம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னால் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் தொடங்கினாள்.

"இல்லன்னு சொல்லிட்டு வர்றதுக்கு இன்னாடி? உன் வாயில இன்னா கொழுக்கட்டையா இருந்துச்சி?"

"கேக்கக் கூடாததக் கேட்டாங்கம்மா."

"ஊரே கேக்குது. நானுந்தான் பாத்துப் பாத்து ஒதுங்கி இருந்தேன், எனக்கு இன்னா கொறஞ்சி பூட்ச்சி? நாளைக்கு வேல பூட்டா மாதா வந்து ஒலை வெப்பாங்களா?"

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அம்மா திட்டிக்கொண்டே ரசத்துக்குப் பெருங்காயக் கட்டியை அம்மியில் வைத்துத் தட்டினாள். வாசனை என் மூக்கில் ஏறியது. நேற்று டின் மூடியைத் திறந்தபோது வந்த ரசம் சாதம் பசியால் வந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பெருங்காயத்தின் நாற்றம் கந்தகத்தின் நாற்றம். அழுகின முட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

"இன்னாடி சிரிக்கிற?" என்றாள் அம்மா, இன்னும் கோபமாக.

"அம்மா, பெருங்காயத்த வேற எதுக்கெல்லாம் எடுப்ப?"

"எதுக்கெல்லாம்னா? ரசத்துக்கு, கொழம்புக்கு. ஊறுகா சாடிக்குப் பொகை போட. நெருப்புல பெருங்காயத்தப் போட்டு அதும்மேல சாடியக் கவுத்தா பூசணம் புடிக்காது, ஆவாத கை பட்டாலும் கெட்டுப்போவாது. இதுகூடத் தெரியாம நீ இன்னா தொரைகிட்ட வேல செய்யிற?"

மறுநாள் முதல் வேலையாக மேஸ்திரியிடம் போனேன். எல்லோருக்கும் முன்னால்தான் கேட்டேன். "டின்னெல்லாம் கழுவினப்புறம் இன்னா பண்ணீங்கண்ணே?"

மறைக்க அவருக்கு ஒன்றும் இல்லை. பெருமையாகவே சொன்னார். "கழுவிக் காயவெச்சிப் பெருங்காயப் பொகை போட்டேன். ஊறுகா சாடிக்குப் போடற மாரி. நீ போவ வர இருக்கிற ரூம்பு. உன்னக் கொற சொல்லல தங்கச்சி, ஆனா பொம்பளப் பொழக்கம் இருக்கிற எடத்துல ஒறைக்கு ஒரு காப்பு வேணும் இல்ல? நல்லதுக்குத்தான் பண்ணேன்."

என் தீட்டிலிருந்து உறையைக் காப்பாற்ற அவர் செய்த காப்பு. அதுதான் உறையின் பந்தியில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். ஆனால் தீட்டை விரட்டத்தான் புகை போட்டேன் என்கிறவரிடம் புகைதான் தீட்டு என்றால் கேட்பாரா? சொன்னால் அது என் வாய்க்கும் அவர் வாய்க்கும் நடக்கும் சண்டை. நிக்கலைப் பேசவிடுவது என்று முடிவு செய்தேன்.

துரையிடம் போய் சீல் உடைக்காத கடைசி டின்னைக் கேட்டேன். அவர் கொடுக்க யோசித்தார். அது அவருடைய கடைசித் துருப்பு. "இதைத் திறக்காமல் வைத்திருந்தால் ஆலையை மூடும் நாளில் நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம்" என்றேன். வாய்த்துடுக்கு எனக்கு அப்போதே இருந்தது. கொடுத்தார்.

ஆய்வு மேசையில் சின்னக் குடுவைகள், ஒரே பீப்பாய் எண்ணெய், ஒரே சூடு, ஒரே வாயு. ஆட்கள் எல்லோரும் ஜன்னலிலும் வாசலிலும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். சீல் டின்னை நானே உடைத்தேன். தூளைக் கையுறை இல்லாமல் என் விரலாலேயே தொட்டு எடுத்து முதல் குடுவையில் போட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், அன்றைக்கு அது தேவையாக இருந்தது. புகை போட்ட டின்னிலிருந்து எடுத்து இரண்டாவது குடுவையில் போடும் வேலையை மேஸ்திரிக்குக் கொடுத்தேன். "குளிச்சிட்டு வாங்கண்ணே. விபூதி இட்டுக்குங்க. எவ்வளவு சுத்தம் வேணுமோ அவ்வளவு சுத்தமா வாங்க" என்றேன். அவர் உண்மையாகவே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். யாரும் சிரிக்கவில்லை.

நான் தொட்ட குடுவையின் எண்ணெய் தட்டில் விட்டதும் வெள்ளையாக உறைந்தது. மேஸ்திரி தொட்ட குடுவையின் எண்ணெய் ஓடியது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மேஸ்திரி தட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "நான் சுத்தமாத்தான் தொட்டேன். ஆனா அந்த டின்ன முந்தாநாளே நீ தொட்டுட்ட. தீட்டு அதுல முன்னாலயே ஏறிப்போச்சி. இப்ப நான் குளிச்சி இன்னா பிரயோசனம்?"

ஜன்னலில் தலைகள் ஆடின. துரைக்கு மொழிபெயர்த்தபோது அவரும் புருவத்தைத் தூக்கினார். அது நல்ல மறுப்பு. இன்றைக்கு உங்களில் ஒருவர் ஒரு சோதனையை அவ்வளவு சரியாகக் கிழித்தால் நான் கட்டி அணைத்துக்கொள்வேன். அன்றைக்கு என் வெற்றி அத்தோடு போனது. எதிராளி முட்டாள் என்று நினைத்துக்கொண்டு சோதனையை அமைக்காதீர்கள். மேஸ்திரி முட்டாள் இல்லை. அவர் தப்பான இடத்தில் நின்றுகொண்டு சரியாக யோசித்தார்.

என் முன்னால் தட்டில் உறைந்த வெள்ளை இருந்தது. அதையே பார்த்தேன். என் கை பட்டும் உறைந்தது அது. அப்படியானால் கை கணக்கிலிருந்து போய்விட்டது, மிச்சம் புகை ஒன்றுதான்.

"சரிண்ணே," என்றேன். "இந்த சீல் டின்னும் நான் தொட்டதுதான். உங்க கணக்குப்படி இதுலயும் தீட்டு ஏறியிருக்கணும். ஆனா ஒறைஞ்சிச்சி, எல்லாரும் பாத்தீங்க. இப்ப இதே டின்னுலேர்ந்து மூணாவது குடுவைக்கு எடுப்போம். நான் தொட்ட அதே ஒறை. நீங்க உங்க கையால, உங்க வூட்டுப் பெருங்காயத்துல ஒரு துணுக்குக் கிள்ளிப் போடுங்க. வேற எதுவும் மாத்த வேணாம்."

அவர் துண்டு முனையில் பெருங்காயப் பொட்டலம் முடிந்திருந்தது, மிச்சக் காலி டின்களுக்குப் புகை போடக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்ன ஆகும் என்று போடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகம் அப்படி மாறியது. போடாமல் விட்டிருக்கலாம், தலைவலி என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். கிள்ளிப் போட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மூன்றாவது குடுவையின் எண்ணெய் தட்டில் ஓடி விளிம்பில் சொட்டியது. திரும்ப எடுத்து விட்டோம், திரும்பவும் ஓடியது. அறை முழுக்க ரச வாசனை.

மேஸ்திரி தன் விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு துண்டால் தட்டை அவரே துடைத்தார். "நான்தான் வெஷம் வெச்சிட்டேன்" என்றார்.

"நீங்க நல்லதுக்குத்தான் வெச்சீங்க."

"அது தெரியும்டி," என்றார். அதுவரை அவர் என்னை டி போட்டதில்லை. அது திட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது. "சாவி உன்னாண்டயே இருக்கட்டும்."

ஆட்கள் உள்ளே போனார்கள். சீல் உடைத்த டின்னை வைத்துக்கொண்டு கலத்தை ஓட்டினோம். சோப்புக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி வண்டி அனுப்பினார். புகை பட்ட தூளைத் திரும்ப உயிர்ப்பிப்பது பெரும்பாடு. அதில் கொஞ்சம்தான் மீண்டது. ஆலை மூடவில்லை. விளக்கு வைத்த பிறகும் உறை எடுத்தோம், பேசிக்கொண்டே எடுத்தோம். பிற்பாடு அந்த அறைக்கு இன்னும் பெண்கள் வந்தார்கள், யாரையும் யாரும் வாசலில் நிறுத்திக் கேட்கவில்லை.

உறை என்ற பெயரை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. அது நல்ல சொல் என்று முன்பே சொன்னேன். கூட வந்த சொந்தக்காரர்களைத்தான் அனுப்பிவைத்தோம்.

அந்த வாரமே ஒரு புது விதி போட்டேன். பெருங்காயம், பூண்டு, வெங்காயம் எதுவும் ஆலைக் கதவுக்குள் வரக் கூடாது, யார் வீட்டுச் சாப்பாடானாலும் சரி. மேஸ்திரியின் சம்சாரம் பெருங்காயம் போடாமல் தண்ணீர்கூடக் காய்ச்ச மாட்டார். ஆகவே மேஸ்திரியின் சோற்றுத் தூக்கு தினமும் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில், மூடி போட்டு, தனியாக உட்கார்ந்திருக்கும். நடுப்பகலில் அவர் அங்கே போய்ச் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். முதல் நாள் அப்படி வரும்போது என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னா தங்கச்சி, இப்ப நான்தான் தூரமா?"

"கழுவிட்டா போதும்ணே," என்றேன். "நாங்க கேள்வி கேக்க மாட்டோம்."

அவர் சிரித்தது கலத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் முடிந்த பிறகு யாராவது ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வருவார். அன்று துரையே வந்தார். எல்லோரும் போனபின், நமக்குள் இருக்கட்டும், உண்மையில் அன்றைக்கு என்ன என்று கேட்டார். அம்மா சாகும்வரை கேட்டாள். உங்களிலும் இப்போது யாரோ ஒருவர் மனதில் அது ஓடிக்கொண்டிருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைக்கிறீர்கள்.

சொல்ல மாட்டேன். அந்த எண்ணெய் என்னிடம் அதைக் கேட்காமலேயே உறைந்தது. உங்களுக்கு மட்டும் எதற்கு?